எல்லாம் போனவங்ககிட்ட நம்பிக்கையைப் பத்தி என்னன்னு பேசுறது?

நீங்க கேட்டது பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருக்கு, ஆனா உள்ள மூணு இருக்கு. வெள்ளத்துல வீடும் போய், ஒரு பிள்ளையும் போன சொந்தக்காரங்களைப் பார்க்க அடுத்த வாரம் சபையில இருந்து குரூப்பா போறீங்க, அவங்க "கடவுள் ஏன் இப்படிப் பண்ணாரு"ன்னு கேட்டா என்ன சொல்றது, இது ஒண்ணு. கேம்ப்ல இருக்கிற மத்தவங்களுக்கு சுவிசேஷம் சொல்லலாமா, இது ரெண்டு. கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, "எனக்கே இப்ப ஜெபம் பண்ண வரல"ன்னு, அது மூணு. அந்த மூணாவதுதான் மத்த ரெண்டையும் கிளப்பி விட்டிருக்குன்னு எனக்குப் படுது, இருந்தாலும் வரிசையாவே வர்றேன்.

என்னைப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், இல்லன்னா எந்த தைரியத்துல பேசுறான்னு தோணும். பேரிடர் நடந்த இடங்களுக்குப் போற ரிலீஃப் டீம்கள்ல ரொம்ப வருஷமா இருக்கேன், நடுவுல கொஞ்சம் இறையியலும் படிச்சேன், ஆனா படிச்சதைவிட அசிங்கப்பட்டுக் கத்துக்கிட்டதுதான் ஜாஸ்தி. முதல் தடவை போனப்ப, மூணாவது நாள், ஸ்கூல் கட்டடத்துல கேம்ப், தண்ணி லாரிக்கு எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க, ஒரு அம்மா பக்கெட்டோட நின்னாங்க, அவங்க பையன் போயிட்டான்னு யாரோ என் காதுல சொன்னாங்க. நான் நேரா போய், "அம்மா, தேவன்கிட்ட அன்பா இருக்கிறவங்களுக்கு சகலமும் நன்மைக்கு ஏதுவாத்தான் நடக்கும்"னு சொன்னேன். அவங்க கோபப்படல. "எந்த நன்மைக்கு?"ன்னு கேட்டாங்க, அதுவும் சண்டைக்குக் கேட்கல, நிஜமாவே பதில் தெரிஞ்சுக்கணும்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. என்கிட்ட பதில் இல்ல. வரிசை நகர்ந்துச்சு, அவங்க பக்கெட்டைத் தூக்கிட்டு ஒரு அடி முன்னாடி போயிட்டாங்க, நான் அங்கேயே நின்னேன். சாயங்காலம் டீம்ல இருந்த மூத்த அண்ணன் ஒருத்தர்கிட்ட சொன்னப்ப, "வசனம் தப்பில்ல தம்பி, ஆனா அந்த இடத்துக்கு பவுல் எப்படி வந்து சேர்றாருன்னு முழு அதிகாரத்தையும் படிச்சுப் பாரு"ன்னார்.

படிச்சேன். நான் அந்தம்மாகிட்ட சொன்னது ரோம் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதின கடிதத்துல வர்ற ரோமர் 8:28, அதைத்தான் நாம ஸ்டிக்கரா ஒட்டி வச்சிருக்கோம். அதுக்கு முன்னாடி 22-ஆம் வசனத்துல சர்வ சிருஷ்டியும் தவிச்சுப் பிரசவ வேதனைப்படுது, 23-ல நாமளும் உள்ளுக்குள்ள தவிக்கிறோம், 26-ல ஆவியானவரே வாக்குக்கு அடங்காத பெருமூச்சோட வேண்டுதல் பண்றார். மண்ணு தவிக்குது, மனுஷன் தவிக்கிறான், ஆவியானவரும் பெருமூச்சு விடுறார், இத்தனைக்கும் அப்புறம்தான் 28 வருது. நான் அந்தம்மாகிட்ட 22, 23, 26 எல்லாத்தையும் தாண்டிக் குதிச்சு நேரா 28-ல போய் நின்னுட்டேன்.

சரி, "ஏன்" கேள்விக்கு வருவோம். காரணம் சொல்ல முயற்சி பண்ணாதீங்க. பதில் சொல்ல பயந்துக்கிட்டு நழுவச் சொல்றேன்னு நினைக்காதீங்க, இயேசுவே இந்தக் கேள்விக்கு முன்னாடி எப்படி நின்னாருங்கிறதை வச்சுத்தான் சொல்றேன். லூக்கா 13-ல சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போன விஷயம் வருது. அந்த 18 பேர் எருசலேம்ல இருந்த மத்தவங்களைவிடப் பெரிய பாவிங்கன்னு நினைக்கிறீங்களான்னு கேட்டு, இல்லைன்னு அவரே சொல்லிடறார். அதோட நிறுத்தல, நீங்களும் மனந்திரும்பணும்னு கேட்டவங்க பக்கமே திருப்புறார், அதாவது செத்தவனைப் பத்தி ஆராய்ச்சி பண்ண வந்தவனை உன்னைப் பாருன்னு அனுப்பி வைக்கிறார். யோவான் 9-ல பிறவிக் குருடனைப் பார்த்து இவன் பாவமா, பெத்தவங்க பாவமான்னு சீஷர்கள் கேட்டப்பவும் ரெண்டும் இல்லைன்னுட்டார். பிள்ளைங்க, சொத்து எல்லாத்தையும் இழந்த யோபுவோட நண்பர்கள் ஏழு பகல் ஏழு ராத்திரி தரையில கூட உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாம இருந்தாங்களே, அந்த ஏழு நாள்தான் அவங்க பண்ண உருப்படியான ஊழியம். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பிச்சாங்க, புஸ்தகத்தோட முடிவுல கடவுளே கோபப்பட்டு, நீங்க என்னைப் பத்தி சரியானதைப் பேசலைன்னு சொல்லும்படி ஆகிடுச்சு. இத்தனைக்கும் அவங்க கடவுளுக்கு சப்போர்ட்டாத்தான் பேசினாங்க.

"தேவ கோபம்"னு சொல்றவங்க எப்பவும் ஒருத்தராவது இருப்பாங்க, உங்க குரூப்லயே கூட இருக்கலாம், அதனால கொஞ்சம் சரித்திரமும் கையில வச்சுக்கங்க. 1755 நவம்பர் 1, போர்ச்சுகலோட தலைநகர் லிஸ்பன்ல பூகம்பம். அன்னைக்கு சகல பரிசுத்தவான்கள் திருநாள், காலை நேரம், கோவில் எல்லாம் நிரம்பி வழியுது, மெழுகுவர்த்தி எரியுது. கூரை விழுந்து செத்தவங்க, எரிஞ்ச மெழுகுவர்த்தியும் அடுப்பும் கிளப்பின தீயில செத்தவங்க, அப்புறம் வந்த கடல் அலையில செத்தவங்கன்னு பல ஆயிரம் பேர். பாவத்துக்குத் தண்டனைன்னா பூசையில இருந்தவங்க மேல ஏன் கூரை விழணும்? 2015 ஏப்ரல் 25 நேபாள பூகம்பமும் சனிக்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வந்துச்சு, நேபாளத்துல வார விடுமுறை சனிக்கிழமைங்கிறதால கிறிஸ்தவ சபைகள் கூடுறதும் அன்னைக்குத்தான், ஆராதனையில இருந்தவங்க மேலயே கட்டடம் இடிஞ்சு விழுந்துச்சு. 2010-ல ஹெய்ட்டி பூகம்பத்துல தலைநகரோட பேராயரே செத்துப்போனார், கதீட்ரல் தரைமட்டம்.

அந்த ஹெய்ட்டி விஷயத்துல இன்னொண்ணையும் பாருங்க. ஜனவரி 12-ல அங்க வந்த பூகம்பத்தோட அளவு 7.0, செத்தவங்க ஒரு லட்சத்துக்கும் மேல. அடுத்த மாசம் 27-ஆம் தேதி சிலியில வந்தது 8.8, வெளிப்பட்ட சக்தியைக் கணக்குப் போட்டா சுமார் 500 மடங்கு பெருசு, செத்தவங்க 500 சொச்சம். ஹெய்ட்டியில மக்கள் நெருக்கமா இருந்த நகரத்துக்குப் பக்கத்துலயே பூமி பிளந்துச்சுங்கிறதும் உண்மைதான், ஆனா சிலிக்காரங்க 1960-ல வாங்கின பெரிய அடிக்கு அப்புறம் கட்டட விதிகளை ஸ்ட்ரிக்ட்டா வச்சுக்கிட்டாங்க, ஹெய்ட்டியில அதுக்கு வசதியும் இல்ல, கேட்கிறவனும் இல்ல. இதுல கடவுளோட கோபத்தை எங்கன்னு தேடுறது? கம்பி போடாத காங்கிரீட்டுக்கும் வறுமைக்கும் கடவுள் மேல பழி போடுறது ரொம்ப ஈஸி. லிஸ்பன்லயும் இதே கதைதான், தேவ கோபம்னு பிரசங்கம் பண்ணவங்க ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் அரசாங்கம் ஒவ்வொரு கோவில் பங்குக்கும் கேள்வித்தாள் அனுப்பிச்சு, எத்தனை நிமிஷம் ஆடுச்சு, கிணத்துத் தண்ணி ஏறுச்சா இறங்குச்சான்னு, பங்குச் சாமியார்கள் உட்கார்ந்து பதில் எழுதினாங்க. பூகம்ப அறிவியலோட ஆரம்பங்கள்ல ஒண்ணா அதைச் சொல்றாங்க. அப்புறம் சுவருக்குள்ள மரச்சட்டத்துல கூண்டு மாதிரி கட்டி, பக்கத்துல சிப்பாய்ங்களை மிதிச்சு நடக்க வச்சு டெஸ்ட் பண்ணிட்டு வீடு கட்டினாங்க. அந்தக் கேள்வித்தாளுக்கு பதில் எழுதின சாமியாரும் ஊழியம்தான் செஞ்சார்னு நான் நினைக்கிறேன்.

அப்ப நம்பிக்கைன்னா என்ன? நம்ம தமிழ் பைபிள்ல விசுவாசம் வேற, நம்பிக்கை வேற, ஆனா நாம பேசுறப்ப ரெண்டையும் ஒண்ணாக் கலந்துடறோம், அதனால "நம்பிக்கையா இருங்க"ன்னு சொன்னா கேட்கிறவங்க காதுல "எல்லாம் சரியாகிடும், தைரியமா இருங்க"ன்னு விழுது. கிறிஸ்தவ நம்பிக்கை அந்த அர்த்தத்துல வர்றது இல்ல. வீடு திரும்பக் கிடைக்கும்னோ, இனிமே வெள்ளமே வராதுன்னோ யாரும் வாக்குக் குடுக்கல. செத்தவங்க எழுந்திருப்பாங்க, இந்த மண்ணையும் சேர்த்துத்தான் கடவுள் புதுசாக்கப் போறார், அதுக்கு முன்பணம் மாதிரி ஒருத்தர் ஏற்கனவே கல்லறையில இருந்து எழுந்துட்டார், இவ்வளவுதான் வாக்கு, இது ரொம்பப் பெருசு. அப்படி எழுந்தவர் கையில ஆணித் தழும்பு அப்படியே இருந்துச்சு, நம்ப மாட்டேன்னு சொன்ன சீஷன் தோமாவுக்குக் காட்டினார். நடந்தது நடக்கலைன்னு ஆக்குற நம்பிக்கை இல்ல இது, தழும்போடயே எழுந்திருக்கிற நம்பிக்கை. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினப்பவும் துக்கப்படாதீங்கன்னு நிறுத்தல, நம்பிக்கை இல்லாத மத்தவங்களைப் போல துக்கப்படாதீங்கன்னுதான் எழுதினார்.

இதை எப்ப சொல்றது, யார்கிட்ட சொல்றதுங்கிறதுலதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுறது. யோவான் 11 எடுத்துக்கங்க. லாசரு செத்து நாலு நாள். மார்த்தாள் ஓடி வந்து, "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்"னு சொல்றா. கொஞ்ச நேரம் கழிச்சு அவ சகோதரி மரியாள் வந்து கால்ல விழுந்து அதே வாக்கியத்தைத்தான் சொல்றா. மார்த்தாளுக்கு இயேசு பேச்சால பதில் சொல்றார், நானே உயிர்த்தெழுதலும் ஜீவனும்னு, பெரிய உபதேசமே நடக்குது, அவளும் பதிலுக்குப் பதில் பேசுறா. மரியாள்கிட்ட ஒரு உபதேசமும் இல்ல, எங்க வச்சீங்கன்னு கேட்டார், அழுதார். இத்தனைக்கும் இன்னும் கொஞ்ச நேரத்துல லாசருவை எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும், தெரிஞ்சும் அழுதார். ஒரே வாக்கியம், ஒரே வீடு, பதில் மட்டும் வேற வேற. நீங்க போற வீட்டுலயும் "ஏன் இப்படிப் பண்ணாரு"ன்னு அப்பா கேட்பார், அம்மா கேட்பாங்க, பாட்டியும் கேட்பாங்க. அதுல ஒருத்தர் நிஜமாவே பேசணும்னு கேட்பார், அவர்கூட உட்கார்ந்து பேசுங்க, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. இன்னொருத்தர் கேட்கிறது கேள்வியே இல்ல, அது அழுகை, கடைசியில கேள்விக்குறி இருக்கு, அவ்வளவுதான். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியலைன்னா சும்மா இருங்க, சும்மா இருந்ததால யாரும் கெட்டுப்போனதா நான் பார்த்ததில்ல.

சொல்லவே கூடாத சில பேச்சு இருக்கு. "உங்க பிள்ளையை ஆண்டவர் தனக்குத் தேவைன்னு எடுத்துக்கிட்டார்" வேணாம், கடவுளைப் பிள்ளை பிடிக்கிறவர் ஆக்கிடாதீங்க. "அழாதீங்க, நீங்க விசுவாசி இல்லையா" வேணவே வேணாம். அதைவிட நுணுக்கமான ஒண்ணு சாட்சி சொல்றதுல இருக்கு. "சுத்தி எல்லா வீடும் போச்சு, எங்க வீட்டை மட்டும் ஆண்டவர் அதிசயமா காத்தார்"னு ஒருத்தர் மைக்குல சொல்றப்ப, மூணாவது வரிசையில வீடு போன ஆள் உட்கார்ந்திருக்கார், அவர் காதுல அது எப்படி விழும்? நன்றி சொல்லக் கூடாதுன்னு இல்ல, வீட்டுல முழங்கால் போட்டுச் சொல்லுங்க. சங்கீதம் 91-ஐ இப்படி கேடயம் மாதிரி தூக்கிக்கிட்டு வர்றவங்களும் உண்டு, ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை அணுகாதுன்னு. அந்த சங்கீதத்தை இயேசுகிட்டயே எடுத்துக் காட்டிக் குதின்னு சொன்னது யாருன்னு மத்தேயு 4-ல ஒரு தடவை பார்த்துக்கங்க, பிசாசு.

முதல் நாட்கள்ல செய்ய வேண்டியது என்னன்னா, எலியாவுக்கு நடந்ததுதான். 1 இராஜாக்கள் 19, தீர்க்கதரிசி எலியா சாகணும்னு வேண்டிக்கிட்டு ஒரு செடிக்கு அடியில படுத்துட்டார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணல, எழுந்து சாப்பிடுன்னான், அடையும் தண்ணியும் வச்சிருந்தான். சாப்பிட்டுட்டு மறுபடி தூங்கினார், அப்பவும் பேச்சு இல்ல, ரெண்டாவது தடவையும் சாப்பாடுதான். பூமி அதிர்ச்சியில கர்த்தர் இருக்கலைங்கிற வசனம் அதே அதிகாரத்துலதான் வருது, ஆனா அது வர்றதுக்கு முன்னாடி தூக்கம், சாப்பாடு, நாப்பது நாள் நடை எல்லாம் ஆகிடுது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல களத்துல வேலை செய்றவங்களுக்கு மனநல முதலுதவிக் கையேடு ஒண்ணு கொண்டு வந்துச்சு, அதுல மூணே வேலைதான், பாருங்க, கேளுங்க, இணைச்சு விடுங்க. என்ன தேவைன்னு பாருங்க, அவங்களா பேசினா கேளுங்க, தேவையானது கிடைக்கிற இடத்துக்கு இணைச்சு விடுங்க. நடந்ததை முழுசா சொல்லுங்கன்னு யாரையும் தூண்டக் கூடாது, அது மனசைத் திறந்து விடும்னு நாம நினைச்சுக்கிறோம், பல பேருக்குப் புண்ணைக் கிளறுற மாதிரிதான் ஆகுது. நஷ்ட ஈடு ஃபார்ம் நிரப்பித் தர்றது, ஃபோன் சார்ஜ் போட்டுக் குடுக்கிறது, பிணவறைக்குக் கூடப் போய் நிக்கிறது, சேத்தை அள்ளி வெளிய கொட்டுறது, இதுல எதையாவது செய்யப் போனாத்தான் உங்களுக்கு அங்க இருக்க ஒரு காரணம் கிடைக்கும், சும்மா கையைக் கட்டிக்கிட்டு நின்னா ஜெபிக்கலாமான்னுதான் வாய் வரும்.

குழந்தைங்க விஷயத்துல மட்டும் காத்திருக்க வேணாம், நீங்களே முதல்ல சொல்லிடுங்க: இது உன்னால நடக்கல. சின்னப் பிள்ளைங்க தான் அடம் பிடிச்சதாலதான், ஜெபம் பண்ணாம தூங்கினதாலதான் வெள்ளம் வந்துச்சுன்னு உள்ளுக்குள்ள முடிவு பண்ணிட்டு யார்கிட்டயும் சொல்லாம இருக்கும்ங்க. அதுங்ககிட்ட போய் "நல்ல பிள்ளையா இருந்தா சாமி காப்பாத்தும்"னு சொல்லாதீங்க, தம்பி செத்துப்போனானே, அவன் கெட்ட பிள்ளையான்னு அடுத்த கேள்வி வரும், வெளிய கேட்காது, உள்ளயே கேட்டுக்கும்.

அடுத்து சுவிசேஷம். நேராவே சொல்றேன், ஒரு கையில அரிசி மூட்டை இன்னொரு கையில துண்டுப்பிரசுரம் வேணாம். 1994-ல செஞ்சிலுவை இயக்கமும் பெரிய உதவி அமைப்புகளும் சேர்ந்து போட்ட நடத்தை விதிகள்ல, உதவியை எந்த அரசியல் கருத்துக்காகவோ மதக் கருத்துக்காகவோ பயன்படுத்தக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு, கிறிஸ்தவ அமைப்புகள் பலதும் அதுல கையெழுத்துப் போட்டிருக்கு. எனக்கு அந்த விதியைவிட சுவிசேஷமே இதுக்குப் போதுமான காரணமாத் தெரியுது, கிருபைன்னா சும்மா குடுக்கிறது, பசியில இருக்கிறவன்கிட்ட அதுக்கு ஒரு விலையை ஒட்டினா நாம அறிவிக்கிறது கிருபையே இல்லையே. கேம்ப்ல வரிசையில நிக்கிறவனால உங்ககிட்ட வேணாம்னு சொல்ல முடியாது, வேணாம்னு சொல்ல முடியாதவன்கிட்ட சொல்றது சாட்சியாகாது. 1 பேதுரு 3:15 எல்லாருக்கும் மனப்பாடம், அதுல "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்"னு இருக்கு, கேட்கிறவங்களுக்கு. "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்"னும் இருக்கு, அதை மனப்பாடம் பண்றப்பவே நாம முழுங்கிடறோம். யாராவது, "நீங்க யாரு, ஏன் இன்னும் இங்கயே இருக்கீங்க"ன்னு கேட்பாங்க, நிச்சயமா கேட்பாங்க, அப்ப ஒளிக்காம சொல்லுங்க, நான் இயேசுவை நம்புறவன், செத்தவங்களை அவர் எழுப்புவார்னு நம்புறவன், அதனால இங்க இருக்கேன்னு. ரெண்டே வாக்கியம் போதும், மேல கேட்டா மேல சொல்லுங்க.

ஆதி சபைக்காரங்க இப்படித்தான் பேர் வாங்கினாங்க. கி.பி. 250 வாக்குல ரோம சாம்ராஜ்யம் முழுக்க ஒரு கொள்ளைநோய், அலெக்சாந்திரியாவுல பேராயரா இருந்த தியோனிசியுஸ் எழுதின கடிதம் இன்னைக்கும் இருக்கு, விசுவாசிகள் தங்களைப் பார்க்காம நோயாளிகளைக் கவனிச்சு, அதே நோய் தொத்தி அவங்களும் செத்துப்போனதை எழுதியிருக்கார். 369 வாக்குல இன்னைக்குத் துருக்கியில இருக்கிற கப்பதோக்கியாவுல பஞ்சம் வந்தப்ப பசிலியுஸ்ங்கிற குரு, தானியத்தைப் பதுக்கி வச்சிருந்த பணக்காரங்களைப் பிரசங்கத்துல வெளுத்து வாங்கிட்டு, களஞ்சியத்தைத் திறக்க வச்சுத் தானே பரிமாறினார். 1527-ல ஜெர்மனியில விட்டன்பெர்க்ல பிளேக் வந்து பல்கலைக்கழகமே வேற ஊருக்குப் போனப்ப மார்ட்டின் லூதர் போகாம அங்கேயே இருந்தார், வீட்டையே நோயாளிங்களுக்கு விட்டுட்டார், அந்த நேரத்துல எழுதின கடிதத்துல மருந்து எடுத்துக்கங்க, புகை போடுங்க, தேவையில்லாத இடத்துக்குப் போய் நோயைப் பரப்பாதீங்கன்னும் எழுதினார். விசுவாசம் இருந்தா மாஸ்க் வேணாம்னு பேசுறவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டணும்.

பணம் வசூல் பண்றீங்கன்னா ஒண்ணே ஒண்ணு. பவுல் யூதேயாவுல கஷ்டப்பட்டவங்களுக்காக வசூல் பண்ணப்ப அதைத் தனியா தூக்கிட்டுப் போகல, கூட ஊழியம் செஞ்ச தீத்துவோட இன்னும் ரெண்டு சகோதரர்களை அனுப்பினார், யாரும் குத்தம் சொல்லிடக் கூடாதுன்னு வெளிப்படையாவே எழுதினார், 2 கொரிந்தியர் 8-ல இருக்கு. கணக்கை எழுதிப் போர்டுல ஒட்டுங்க. பொருளைக் குடுக்கிற மாதிரி போட்டோ எடுக்காதீங்க, வாங்குறவங்க முகம் தெரியுற மாதிரி எடுக்கவே எடுக்காதீங்க, உங்க முகத்தை வேணா எத்தனை வேணாலும் எடுத்துக்கங்க.

ஊருக்குத் திரும்பி வந்தப்புறம் சபையில ஒரு ஆராதனை வைப்பீங்க இல்லையா, அதுல துதிப் பாட்டு மட்டும் பாடிட்டு முடிச்சிடாதீங்க. சங்கீதங்கள்ல மூணுல ஒரு பங்கு புலம்பல்தான், நம்ம பாட்டுப் புஸ்தகத்துல அதுக்கு எத்தனை பக்கம் இருக்கு? சங்கீதம் 88-ஐ யாராவது ஒருத்தரை மெதுவா வாசிக்கச் சொல்லுங்க. கடைசி வரிக்காவது ஒரு வெளிச்சம் வரும்னு பார்த்தா வராது, எனக்குத் தெரிஞ்சவங்க மறைஞ்சுபோயிட்டாங்கன்னு சொல்லிட்டு அப்படியே நின்னுடும். அதையும் வேதத்துல வச்சிருக்காங்களே, எதுக்கு? அப்புறம் புலம்பல் புஸ்தகம். அஞ்சு பாட்டு, முதல் நாலும் எபிரேய எழுத்து இருபத்திரண்டையும் வரிசையா வச்சுக் கட்டினது, அழுகைக்கு வார்த்தை கிடைக்காதவன் அ, ஆ, இ-ன்னு எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்த மாதிரி. நாம அடிக்கடி சொல்ற "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்" மூணாவது பாட்டுல, நட்ட நடுவுல வருது. அது சொன்னதுக்கு அப்புறமும் ரெண்டு பாட்டு பசியும் சாவும்தான், புஸ்தகம் முடியுறப்ப எங்களை ஒரேயடியா வெறுத்துட்டீரோன்னு கேட்டுட்டுத்தான் முடியுது. நம்பிக்கை நடுவுல வந்துட்டுப் போகும், மறுபடி இருட்டும், அதனால வந்தது பொய்னு ஆகிடாது. கேம்ப்ல ஒருத்தர் காலையில சிரிச்சுப் பேசிட்டு ராத்திரி கடவுளைத் திட்டினார்னா பயந்துடாதீங்க.

இன்னொண்ணு, முதல் மாசம் கூட்டம் அலைமோதும், ஆறாவது மாசம் ஒருத்தனும் இருக்க மாட்டான். பிள்ளையோட பிறந்தநாள், வெள்ளம் வந்த தேதி, அடுத்த வருஷ மழை ஆரம்பிக்கிற முதல் ராத்திரி, இந்த மூணையும் ஃபோன்ல அலாரம் போட்டு வைங்க, அன்னைக்குக் கூப்பிடுங்க. பிள்ளை பேரைச் சொல்லிப் பேசுங்க, பேரை எடுத்தா அழுவாங்கன்னு எல்லாரும் பேரையே மறைச்சிடறாங்க, அதுதான் அவங்களுக்கு ரெண்டாவது சாவு.

இப்ப உங்களுக்கு ஜெபம் வராத விஷயம். அது விசுவாசம் போனதுக்கு அடையாளம் இல்ல, மேல சொன்ன பெருமூச்சு வசனம் உங்களுக்கும் சேர்த்துத்தான். மாற்கு 2-ல திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிட்டுப் போய்க் கூரையைப் பிரிச்சு இறக்கினாங்களே, அங்க இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார்னுதான் எழுதியிருக்கு, படுத்திருந்தவன் ஜெபம் பண்ணானான்னு ஒரு வார்த்தை இல்ல. கொஞ்ச நாள் நீங்க படுத்துக்கங்க, சபையில நாலு பேர்கிட்ட வெளிப்படையா சொல்லுங்க, அவங்க தூக்கட்டும். தூக்கமே இல்லாம வாரக்கணக்கா போகுது, சாகணும்னு தோணுதுன்னா டாக்டரைப் பாருங்க, எலியாவுக்கே அப்படித் தோணியிருக்கு, வெட்கப்பட ஒண்ணும் இல்ல. மத்தபடி ஜெபம் வராதப்ப கைக்கு ஒரு வேலை குடுங்க.

எனக்கு அப்படி ஒரு வேலையை அந்த பக்கெட் அம்மாதான் குடுத்தாங்க. அந்தத் தண்ணி வரிசைக்கு ரெண்டு நாள் கழிச்சு, வீட்டைச் சுத்தம் பண்றப்ப சேத்துக்குள்ள இருந்த பெட்டியில அவங்க குடும்ப பைபிள் கிடைச்சுது, ஊறிப் போய் இருந்துச்சு. கொண்டு வந்து என் கையில வச்சு, "நீங்கதான வசனம் சொல்வீங்க, இதைக் காப்பாத்த முடியுமா பாருங்க"ன்னாங்க. மூடினபடியே பிடிச்சு நல்ல தண்ணியில சேத்தை அலசினேன், நிழல்ல காத்தோட்டமா நிக்க வச்சு, தானா பிரியுற இடத்துல மட்டும் மை இல்லாத வெள்ளைத் தாளைச் சொருகி, ஈரமானா மாத்தி மாத்தி வச்சேன். வெயில்ல வச்சா தாள் சுருண்டுடும், ஈரத்தோட அப்படியே விட்டா ரெண்டே நாள்ல பூஞ்சை பிடிச்சிடும். அந்தம்மா சாயங்காலம் சாயங்காலம் வந்து பக்கத்துல உட்காருவாங்க, நானும் பேச மாட்டேன், அவங்களும் பேச மாட்டாங்க, தாள் மாத்துவோம். அஞ்சாவது நாள் முதல் பக்கம் பிரிஞ்சுது, அதுல கல்யாணத் தேதி, பிள்ளைங்க பிறந்த தேதியெல்லாம் எழுதி வச்சிருந்தாங்க, மை கலைஞ்சு நீலமாப் பரவியிருந்துச்சு. பேனா கேட்டாங்க. பையன் பிறந்த தேதி மேலயே மறுபடி அழுத்தி எழுதினாங்க, பக்கத்துல இன்னொரு தேதிக்கு இடம் இருந்துச்சு, அதை எழுதல. அப்புறம், "அன்னைக்கு நன்மைன்னு என்னமோ சொன்னீங்களே, அது எங்க இருக்கு"ன்னு கேட்டாங்க. புரட்டப் பார்த்தேன், ரோமர் பக்கமெல்லாம் இன்னும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப பிரிச்சா கிழிஞ்சிடும்மான்னேன். "சரி, காயட்டும்"னு சொல்லிட்டு அடுத்த தாளை எடுத்துக் குடுத்தாங்க.